குளத்துக்குப் போங்கள், மனு எழுதவும் பழகுங்கள்

மார்கழி ஞாயிறு காலையில் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக் கரைக்குப் போய்ப் பாருங்கள். வாரமெல்லாம் பனியன் கம்பெனிக்குள் தையல் மெஷின் சத்தத்தில் கிடந்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எதிரே, இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள். சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

போன குளிர்காலத்தில் அங்கே ஒரு நாமக்கோழியைப் பார்த்தேன். இரண்டு காலிலும் பனியன் நூல் சுற்றி இறுகியிருந்தது. பக்கத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டிங் வேஸ்ட் மூட்டை. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ நாலு குரூப் சுற்றி என் போனுக்கே வந்துவிட்டது. வனத்துறைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் அது புகார் ஆகாது.

அடிபட்ட பறவையைக் கண்டால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பாவம் பார்த்து வீட்டில் வளர்ப்பதும் குற்றமே. கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதே சட்டத்தில் கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூட வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். "சும்மா விளையாட்டுக்கு" என்ற பதில் எடுபடாது.

அடுத்தது, எந்த வாசலைத் தட்டுவது? வலை, கண்ணி, தீ, அடிபட்ட பறவை என்றால் வனச்சரக அலுவலர். குளத்தில் சாயப்பட்டறைகளின் சாயத் தண்ணீர் கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். திருப்பூரில் வடக்கு, தெற்கு என இரண்டு அலுவலகங்கள் உண்டு. எது உங்கள் பகுதிக்குரியது என்று கேட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் "இது எங்களுக்கு வராது" என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வரியை மட்டும் எல்லா அலுவலகத்திலும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பலரும் சாயத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அது வழக்குக்கு நிற்காது. வாரிய அதிகாரி முறைப்படி எடுத்து, சீல் வைத்து, கையெழுத்திட்ட மாதிரிதான் நீர்ச் சட்டப்படி சாட்சியம். ஆகவே எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி, தண்ணீர் என்ன நிறம் என்று எழுதி, "உடனே மாதிரி எடுக்க வேண்டும்" என்று கேளுங்கள். படத்தையும் இணையுங்கள்.

மனுவுக்கு இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு மாதம் ஆகியும் அசைவில்லையா? 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: "எனது மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன? ஆய்வக அறிக்கையின் நகல் வேண்டும்." 30 நாளில் பதில் வர வேண்டும். வனவிலங்குக் குற்றமானால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் முறையிடவும் சட்டம் இடம் தருகிறது.

திங்கட்கிழமை லீவு போட்டால் பீஸ் ரேட் கூலி போய்விடும் என்பீர்கள். நியாயம்தான். விரைவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பவும் சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் போட்டால் அது புகார் ஆகாது. அந்த ரசீதுதான் உங்கள் கையில் இருக்கும் புகார்.