அமெரிக்காவின் தொடக்ககால வெற்றிப் பாடல்கள்

அமெரிக்க விடுதலைப் போர் (1775–1783), 1812 ஆம் ஆண்டுப் போர் (1812–1815) முதலியவற்றில் ஐக்கிய அமெரிக்கா பெற்ற வெற்றிகளைப் போற்றி எழுந்த பாடல்களும் கவிதைகளும் தொடக்ககால வெற்றிப் பாடல்கள் எனலாம். புதிய நாட்டின் மக்களிடையே ஒற்றுமை உணர்வை வளர்த்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. போர்களைப் பற்றிய பொதுமக்களின் நினைவையும் இவை வடிவமைத்தன. அந்த நினைவு எல்லா இடங்களிலும் வரலாற்றோடு பொருந்துவதில்லை.

மெட்டும் அச்சும்

இப்பாடல்கள் பலவற்றின் மெட்டு, எதிரி நாடான பிரித்தானியாவிலிருந்து வந்ததே. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புதிய சொற்களை அமைத்தால் பாடல் விரைவாகப் பரவும். குடியேற்றவாசிகளைக் கேலி செய்யப் பிரித்தானியப் படையினர் பாடிய 'யாங்க்கி டூடில்' பாட்டையும் அமெரிக்கர்கள் தமதாக்கிக் கொண்டனர்.

பாடல்கள் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட மலிவான தனித்தாள்களாகத் தெருக்களில் விற்கப்பட்டன. அச்சகர் ஐசையா தாமசு பாசுட்டன் நகரில் இத்தகைய தாள்கள் 300-க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, 1814-இல் அமெரிக்கத் தொல்பொருள் சங்கத்துக்கு வழங்கினார். எளிய மக்கள் அக்காலத்தில் எதைப் பாடினர் என்பதை அறிய இத்தொகுப்பு இன்றும் உதவுகிறது.

நாட்டுப்பண்ணான கவிதை

வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் நடந்த போரிலிருந்து திரும்பிய கடற்படை வீரர்களைப் பாராட்டி, வழக்கறிஞர் பிரான்சிசு இசுகாட் கீ 1805-இல் ஒரு பாடல் எழுதினார். அதன் மெட்டு, இலண்டன் இசைக் கழகம் ஒன்றுக்காக ஜான் இசுடாஃபர்டு சுமித் அமைத்தது. 1814 செப்டம்பர் 13, 14 நாட்களில் பால்ட்டிமோர் நகரின் மெக்கென்றி கோட்டையைப் பிரித்தானியக் கப்பல்கள் சுமார் 25 மணிநேரம் குண்டுவீசித் தாக்கின. கைதி ஒருவரை மீட்கச் சென்றிருந்த கீ, கப்பலிலிருந்து அதைக் கண்டார். கோட்டை வீழாததைப் போற்றி அதே மெட்டில் அவர் எழுதிய கவிதையே 1931-இல் அமெரிக்க நாட்டுப்பண் ஆனது.

கப்பலைக் காத்த கவிதை

'கான்சுடிடியூசன்' என்ற போர்க்கப்பல் 1812 ஆகத்து 19 அன்று பிரித்தானியாவின் 'கெரியர்' கப்பலை வென்றது. 1830-இல் அதை உடைக்கப் போவதாகச் செய்தி பரவியபோது, 21 வயதான ஆலிவர் வெண்டல் ஓம்சு 'ஓல்டு அயர்ன்சைட்சு' என்ற கவிதையை எழுதினார். நாளிதழ்கள் அதை மறுபதிப்புச் செய்ய, மக்களின் எதிர்ப்பு வலுத்தது. கப்பல் சீரமைக்கப்பட்டது, இன்றும் பாசுட்டன் துறைமுகத்தில் உள்ளது.

பாடலும் வரலாறும்

1815 சனவரி 8 அன்று நியூ ஓர்லியன்சில் ஆண்ட்ரூ ஜாக்சனின் படை பிரித்தானியரை வென்றது. அமைதி உடன்படிக்கை இரு வாரங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் கையெழுத்தாகியிருந்தது. அச்செய்தி அப்போது வந்து சேரவில்லை. சாமுவேல் உட்வர்த் எழுதிய 'கென்டக்கி வேட்டைக்காரர்கள்' என்ற பாடல், இவ்வெற்றிக்குக் கென்டக்கித் துப்பாக்கி வீரர்களே காரணம் எனப் புகழ்ந்தது. உண்மையில் கென்டக்கியிலிருந்து வந்தவர்களில் பலரிடம் துப்பாக்கியே இல்லை. பிரித்தானியப் படைக்குப் பேரிழப்பை ஏற்படுத்தியதில் பீரங்கிகளின் பங்கு பெரிது. அடிமைகளல்லாத கறுப்பினத்தவர் படைப்பிரிவுகளும் சாக்டா பழங்குடியினரும் ஜாக்சன் பக்கம் நின்று போரிட்டனர். பாடல் போற்றியதோ வேட்டைக்காரர்களை மட்டுமே. 1828 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜாக்சனின் ஆதரவாளர்கள் இப்பாடலைப் பரப்புரைக்குப் பயன்படுத்தினர். அவர் வென்றார்.

நாட்டுப்பண்ணின் மூன்றாம் பத்தியும் விவாதத்துக்கு உள்ளானது. அதில் அடிமை என்ற சொல் வருகிறது. 1812 ஆம் ஆண்டுப் போரின்போது, தம்மிடம் தப்பி வரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகப் பிரித்தானியர் அறிவித்திருந்தனர். அவ்வாறு வந்தவர்களில் சிலர் பிரித்தானியப் படையில் சேர்ந்து போரிட்டனர். கவிதை எழுதிய கீ அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். அந்தச் சொல் இவ்வீரர்களைக் குறிக்கிறதா, பிரித்தானிய மன்னருக்கு அடங்கியோரைப் பொதுவாகப் பழிக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொது நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் முதல் பத்தி மட்டுமே பாடப்படுகிறது.