கோலும் துலக்கியும்

பல்லைத் தூய்மை செய்தலைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் வினைகள் பல. விளக்குதல், துலக்குதல் என்பன விளங்கு, துலங்கு என்னும் தன்வினைகளினின்று தோன்றிய பிறவினைகள். ஒளிபெறச் செய்தல் என்பதே அவற்றின் பொருள். தேய்த்தல் என்பதோ தொழிலை மட்டும் சுட்டும். ஆசாரக்கோவை ஆசிரியர் பெருவாயின் முள்ளியார் காலைக்கடன் கூறுமிடத்துக் கோல் தின்னுதலை விதிக்கின்றார். இவ்வழக்குக் கருவியின் அமைப்பையே காட்டுதலின் ஈண்டு ஆராயத்தக்கது.

கோலின் நுனியை மென்றாலன்றி அது கருவியாகாது. மெல்லுந்தோறும் நார்களைப் பிணித்துள்ள மென்பகுதி சிதைய, அந்நார்கள் பிரிந்து தூரிகைபோல் விரியும். பயன்கொள்வோனே நாள்தோறும் புதுக்கருவி செய்துகொள்கின்றான். ஆதலின் தின்னுதல் என்னும் வினை வறிதே வந்ததன்று.

இனி, எந்த மரத்துக் கோல் என்பது வினா. ஆலையும் வேலையும் இணைத்துக் கூறும் பழமொழியைச் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து சிதம்பரத்திற்குப் பயில வந்த நம் மாணவர் சிலர், 'ஆலும் வேம்பும்' என்றே எழுதினர். வேப்பங்குச்சியும் பல்லுக்கு ஆவதே. பிழை அதனாற் பிறந்தது போலும். ஆயினும் வேல் என்பது வேம்பன்று. கருவேல், வெள்வேல், உடைவேல் என்னும் பெயர்களில் நிற்கும் வேலே அது. ஆல், வேல் என்னும் ஓசையியைபு ஒருபுறமிருக்க, சுவையும் இதற்குச் சான்றாகும். ஆலம் விழுதும் வேலம் பட்டையும் துவர்ப்பன, வேம்பு கசப்பது. இன்று தமிழகத்தில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலும் ஈண்டுக் கருதிய மரமன்று. அமெரிக்காவினின்று வந்த அம்மரம் நம் மரத்தின் பெயரை மட்டும் இரவல் பெற்றது.

இங்கிலாந்தில் 1780 அளவில் வில்லியம் அடிஸ் என்பார் எலும்புப் பிடியில் துளையிட்டு, விலங்கின் மயிர்க்கற்றைகளைப் பிணித்து விற்கலானார். 1938-இல் அமெரிக்காவில் நைலான் இழை மயிரின் இடத்தைப் பெற்றது. கற்றையை இரண்டாக மடித்துத் துளையிற் செலுத்தி, சிறு உலோகத் தகட்டால் இறுக்குவது இன்றும் பெருவழக்கு. இழையின் விறைப்பே இக்கருவியின் உயிர்நிலை. நீளம் மாறாதிருக்க விட்டம் பாதியாயின், வளைத்தற்கு வேண்டும் விசை 16-இல் ஒரு பங்காகக் குறையும். விட்டம் மாறாது நீளம் இருமடங்காயின் 8-இல் ஒரு பங்காகும். ஈறு புண்படாமைப் பொருட்டு இழைமுனையை உருட்டியும் விடுவர். மென்ற கோலின் நார்க்கு இவ்வளவொழுங்கு இல்லை. ஆயின் பழங்கோலை மறுநாளும் வைத்தாளுவார் அரியர்.

இப்புதுக்கருவியைப் பல்தூரிகை என்பாரும் உளர். தூரிகை வண்ணந்தீட்டுவோன் கருவியாதலின் வடிவொப்புமையன்றி வேறு பொருத்தம் அதற்கில்லை. துலக்குதல் என்னும் பழவினையினின்று வந்த பல்துலக்கி என்பதே நாம் கொள்வது.