கதவைத் திறக்கக் கரண்ட் எதற்கு?

பாலக்காட்டு எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் புதுக் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலவற்றில் கதவுக் கைப்பிடியே கண்ணில் படாது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ ஆகிய மின்சாரக் கார்கள் அந்த வகை. கைப்பிடி கதவுத் தகட்டோடு தகடாக உள்ளே பதுங்கியிருக்கும். பூட்டு திறந்ததும் வெளியே நீளும்.

எதற்காக இந்த ஒளிவு மறைவு? முதல் காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே புகுந்து வரும் ஆடிக் காற்றை எதிர்த்துக் கொல்லங்கோட்டுப் பக்கம் சைக்கிள் மிதித்தால் தொடை கடுத்துப் போகும். காருக்கும் அதே பாடுதான். அதுவும் வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஐம்பதில் போகும் காரைவிட நூறில் போகும் கார் நான்கு மடங்கு விசையை எதிர்த்து முட்டுகிறது. அதனால்தான் புடைப்புகளையெல்லாம் மழித்துவிடுகிறார்கள்.

ஆனால் காரின் மொத்த வடிவம், சக்கரங்கள், அடிப்பாகம் இவைதான் காற்றுத் தடையில் பெரும் பங்கு வகிக்கின்றன. கைப்பிடியை ஒளிப்பதால் மிச்சமாவது சொற்பமே. அழகுக்காகச் செய்வதே அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, கதவு எப்படித் திறக்கிறது? வீட்டில் பெரியவர்களோடு, நின்றுகொண்டிருக்கும் ஒரு பழைய காரின் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரு பிளவும், அதற்குள் நண்டின் கொடுக்கு மாதிரி ஓர் இரும்புக் கொக்கியும் தெரியும். எதிரே காரின் தூணில் தடித்த கம்பி வளையம் ஒன்று இருக்கும். கதவைச் சாத்தும்போது அந்த வளையம் கொக்கியைத் தள்ளித் திருப்பும். திரும்பிய கொக்கி வளையத்தைக் கவ்விக்கொள்ளும். அது பின்வாங்காதபடி ஒரு சின்னக் கொண்டி வந்து விழும். மெதுவாகச் சாத்தினால் ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம் கேட்கும். முதல் சத்தத்தோடு நின்றால் கதவு அரைகுறையாகச் சாத்தியிருக்கிறது என்று பொருள்.

கைப்பிடியை இழுத்தால் என்ன ஆகிறது? ஒரு கம்பியோ கேபிளோ அந்தக் கொண்டியை விலக்குகிறது. அவ்வளவுதான். உங்கள் விரலின் பலமே கொண்டி வரை போய்ச் சேருகிறது.

ஒளியும் கைப்பிடி உள்ள கார்கள் சிலவற்றில் இந்தக் கேபிளுக்குப் பதில் ஒரு மின்கம்பி இருக்கிறது. கைப்பிடி கட்டளை மட்டும் கொடுக்கும். கொண்டியை விலக்குவது மோட்டார். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த மோட்டாருக்கு மின்சாரம் தருவது சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரி அல்ல. விளக்கு, ஹாரன் போன்றவற்றுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பெரியது நிறைந்திருந்தாலும் சின்னது படுத்துவிட்டால் கதவு கட்டளையைக் கேட்காது.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை 2025 செப்டம்பரில் டெஸ்லா நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு ‘மாடல் ஒய்’ கார்கள் சுமார் 1,74,000 பற்றி விசாரணை தொடங்கியது. வந்த 9 புகார்களில், பின்சீட்டில் இருந்த குழந்தையை இறக்கப் பெற்றோர் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியாமல் தவித்த சம்பவங்கள் இருந்தன. 4 பேர் கண்ணாடியை உடைத்துத்தான் வழி கண்டார்கள். அந்தக் காரின் பின்கதவில் கையால் திறக்கும் கேபிள் எல்லா வண்டியிலும் கிடையாது. இருக்கும் வண்டியிலும் கதவுப் பையின் அடியில், விரிப்புக்குக் கீழே இருக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது மீனம், மேட மாதங்களில் உங்களுக்கே தெரியும். பதறும் நேரத்தில் ஒரு குழந்தை அந்த விரிப்பைத் தூக்கித் தேடுமா?

சீனா இதற்கு விதி வகுத்துவிட்டது. 2027 ஜனவரி 1 முதல், அங்கே வரும் புதிய மாடல் கார்களின் ஒவ்வொரு பக்கக் கதவையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கரண்ட் இல்லாமல் திறக்க முடிய வேண்டும். வெளிக் கைப்பிடியில் கைவிட்டுப் பிடிக்கக் குறைந்தது 6 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. ஆழம் இடம் விட வேண்டும். ஸ்கேலை எடுத்து அந்த அளவைத் தாளில் வரைந்து, உங்கள் விரல்களை வைத்துப் பாருங்கள்.