நீர்கட்டிய நன்செயும் மண்திருத்திகளும்

பயிருக்கு நேரே ஊட்டம் அளிப்பது உரம். மண்ணின் இயல்பை மாற்றி, அதிலுள்ள ஊட்டம் வேரைச் சேரும் வழியைத் திறப்பது மண்திருத்தி. சுண்ணாம்பும் சிப்சமும் பசுந்தாளும் தொழுவுரமும் இவ்வகையின. புன்செயில் ஒருவாறு செயற்படும் இவை, நீர்கட்டிய நன்செயில் வேறொருவாறு செயற்படுகின்றன. அவ்வேறுபாடு மண்ணின் மூச்சினால் விளைவது.

வயலில் நீர் நின்ற ஓரிரு நாளில் மண்ணிடை உயிர்வளி தீர்ந்துபோகும். மண்வாழ் நுண்ணுயிர்கள் அதன்பின் மூச்சுக்கு மாற்றுப்பொருள் தேடுகின்றன. அத்தேடல் முதலில் நைத்திரேட்டு, அடுத்து மாங்கனீசு, பின்னர் இரும்பு, அதன்பின் கந்தகை, கடைசியில் கரிவளி என்னும் அடைவிலேயே நிகழ்கிறது. முடிவில் எழுவது சதுப்புவளி. இரும்பின் வடிவம் மாறுகையில் அதனோடு பிணைந்திருந்த மணிச்சத்து விடுபடும். மண்ணின் புளிப்பும் காரமும் தணிந்து நடுநிலையை நெருங்கும். இவ்வொழுங்கை 1972இல் விரித்தெழுதிய பொன்னம்பெரும இலங்கையர். பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். நீரே முதல் மண்திருத்தி என்பது அவர் ஆய்வால் விளங்கும். புளிமண் என்றதும் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று.

இவ்வடைவை முடுக்கிவிடுவன மட்கும் பொருள்கள். 45 நாள் வளர்ந்த தக்கைப்பூண்டு மென்மையானது. மடக்கி உழுதால் விரைவில் மட்கி, தழைச்சத்தை அம்மோனிய வடிவில் ஈயும். உயிர்வளியற்ற சேற்றில் அவ்வடிவம் நிலைத்திருக்கும். வைக்கோலோ கரிமம் மிக்கது. நடவை ஒட்டி அதனை மடக்கினால் தழைச்சத்தை நுண்ணுயிர்களே கவர்ந்துகொள்ளும். தீங்கு செய்யும் புளிமங்களும் முட்டை அழுகிய நெடியுள்ள கந்தக வளியும் பெருகும். ஐயமுள்ளவர் ஒரு தூரைப் பிடுங்கி வேரை அலசிப் பார்க்கலாம். நெல், தன் உடலின் காற்றறைகள் வழியே உயிர்வளியை வேருக்கு இறக்குவதால், நலமான வேரின்மேல் இரும்புத்துரு செம்பழுப்பாய்ப் படிந்திருக்கும். கருத்து நாறும் வேர் கந்தக நஞ்சுக்கு ஆட்பட்டது. அவ்வயலுக்கு வேண்டியது நீரை வடித்துக் காயவிடுதல், மேலுரம் அன்று.

வடித்தல் களர்நிலத்திலும் இன்றியமையாதது. அங்கே சிப்சத்தின் சுண்ணமம் (கால்சியம்), களித்துகள்களைப் பற்றிய சோடியத்தைப் பெயர்த்தெறியும். பெயர்ந்தது நீரோடு வெளியேற வடிகால் இல்லையேல் செலவே மிஞ்சும்.

துத்தநாகத்தின் போக்கு, நீர் நிற்கையில் விடுபடும் மணிச்சத்துக்கு நேர்மாறு: நீர்கட்டிய மண் அதனை எளிதில் கரையாததாக்கிவிடுகிறது. இமய அடிவாரத் தராய் வயல்களில் நெல்லிலையைத் துருநிறமாக்கிய கைரா நோய், துத்தநாகக் குறையே என்று 1966இல் பந்த்நகர் அறிஞர் நேனே காட்டினார். உழவர் சிங்க் சல்பேட் என வாங்கும் துத்தநாகக் கந்தகையை எக்டேருக்கு 25 கிலோ எடுத்து, 50 கிலோ உலர்மணலுடன் கலந்து, நிரவிய சேற்றின் மேற்பரப்பில் நடவுக்குச் சற்று முன்பு தூவுக; உழுது புதைத்தல் ஆகாது.