கைவிரலும் கட்டளைச் சட்டமும்

கல்முனை என்றதும் நெல்லும் மீனும் மருதமுனையின் நெசவும் சாய்ந்தமருதின் வியாபாரமும் நினைவுக்கு வருவதே வழக்கமாயினும், இக்கரையோரத்து ஜனங்களின் ஜீவனத்தில் பிளாஸ்டிக் என்னும் பண்டமும் நம்முடைய காலத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தெருத் தெருவாகப் போத்தலும் உடைந்த வாளியும் சேர்ப்பவர், அவற்றை நிறம் பிரித்துக் கழுவுபவர், கிரஷரில் இட்டு அரைப்பவர், கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மோல்டிங் மெசினுக்கு முன்னே நாள் முழுவதும் நிற்கச் சென்ற இளைஞர் என்று அதனை நம்பி வாழ்வோர் பலதரப்பட்டவர். ஒலுவிலை அடுத்த பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மடிந்தன என்னும் செய்தியை 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் விஸ்தாரமாக எழுதின. அந்த இரக்கம் நியாயமானதே. ஆனால் அதே பிளாஸ்டிக்கை அரைக்கும் கத்திக்கு அருகே தினமும் கையை நீட்டுகிற மனிதனைப் பற்றி எழுத எவருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

அபாயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மோல்டிங் மெசினில் சுமார் 200 பாகை வெப்பத்தில் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் செலுத்தப்படுகையில், அச்சின் இரு பாதிகளும் விலகாதபடி பல தொன் விசையோடு அவற்றை இயந்திரம் அழுத்திப் பிடிக்கிறது. இடையில் அகப்பட்ட கை எலும்போடு நசுங்கும். இதற்காகவே அச்சின் முன்னே ஒரு காப்புக் கதவும், அது திறந்தவுடன் இயக்கத்தை நிறுத்தும் ஒரு சுவிட்சும் வைக்கப்பட்டிருக்கின்றன. கதவை மூடித் திறக்கும் சில விநாடிகளை மிச்சப்படுத்தும் ஆசையில் அந்தச் சுவிட்சைக் கம்பியால் கட்டிவிடுகிற பழக்கமே இத்தொழிலின் ஆகப் பெரிய பாவம். கிரஷரின் சங்கதி வேறு: சுவிட்சை அணைத்த பின்னும் கத்தி சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகையால் சிக்கிய துண்டை எடுக்கப் போகிறவர் பிரதான மின்சாரத்தைத் துண்டித்து, பிறர் அறியாமல் போட்டுவிடாதபடி அதற்குப் பூட்டும் இட்டு, சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். பொலித்தீன் உருளைகளுக்கு அருகே தொங்கும் சாரத்தின் நுனியும், முந்தானையும், தளர்வாக இட்ட தலைமுக்காடும் ஒரு கணத்தில் உள்ளே இழுபடும். உடையை இறுகக் கட்டி உள்ளே செருகிக்கொண்டால் மார்க்கத்துக்கும் குறைவில்லை, உயிருக்கும் குறைவில்லை.

உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிவிட்டால் அதைப் பிய்த்தெடுக்க முயலக்கூடாது. தோலும் சேர்ந்து வரும். ஓடுகிற குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடித்து, ஒட்டியது ஒட்டியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பற்பசையும் எண்ணெயும் அங்கே வேண்டாதவை. புகையையும் அலட்சியம் செய்யலாகாது: பீவீசி மிதமிஞ்சிச் சூடேறினால் மூச்சுக்குழலை அரிக்கும் அமில வாயு எழும். அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வைனைல் குளோரைடே, அமெரிக்காவின் லூயிவில் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலையாட்களின் ஈரலில் அபூர்வமான புற்றுநோயை உண்டாக்கியது என்பது 1974இல் வெளிப்பட்டது. நமது நாட்டிலோ 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லபிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தொட்டியில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் மாண்டு, ஐந்து உயிர்கள் போயின. மூடிய தொட்டிக்குள் தகுந்த கருவி இன்றிக் குதிப்பது வீரமாகத் தோன்றினும், அது சாவின் தொகையைக் கூட்டுவதேயாகும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஜெர்மனியில் 1884இலும் பிரித்தானியாவில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் தோன்றிய நியாயம், இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக உருப்பெற்றது. அதன் சாரம் இதுதான்: வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்தினால் ஒருவர் காயமுற்றால், முதலாளியின் கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும், நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. நியமனக் கடிதம் இல்லை, வாய்ச்சொல்லில்தான் வேலைக்குச் சேர்ந்தேன், தொழில் பழகத்தான் வந்தேன் என்று கூசி ஒதுங்க அவசியமில்லை. வாய்மொழி ஒப்பந்தத்தையும் பயிலுநரையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு அரைமாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பனவும், நிரந்தரமாக அங்கம் இழந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் மொத்தத் தொகையும் உரியன. 2005இன் திருத்தத்தில் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாயாக இருந்த உச்சத்தொகையை 2022இன் திருத்தம் இருபது இலட்சமாக உயர்த்தியதுடன், வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் உள்ளே சேர்த்தது. வேண்டுமென்றே காப்புக்கதவை அகற்றியவருக்கும் போதையில் வேலை செய்தவருக்கும் உரிமை மறுக்கப்படலாம். ஆகவே சுவிட்சைக் கட்டச் சொன்னவர் யார் என்பது, காயம் பட்ட அன்றே சாட்சிகளோடு நிலைநாட்டப்பட வேண்டிய விஷயமாகிறது. அபாயகரமான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு அமைப்பது முதலாளியின் கடமை என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் சொல்லுகிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நம்மூரில் அது அரிதாகவே தேடப்படுவதற்குக் காரணம் அறியாமை மாத்திரமன்று. முதலாளி பெரும்பாலும் மச்சான் முறையோ, காக்கா முறையோ, ஒரே மஹல்லாவில் தொழுகிற மனிதரோ ஆக இருக்கிறார். விபத்து நடந்த அன்று அவரே வாகனம் பிடித்து அஷ்ரஃப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுகிறார். மருந்துச் செலவைக் கொடுக்கிறார். பெருநாளைக்குப் புத்துடுப்பும் அனுப்புகிறார். இவருக்கு எதிராகக் கொழும்புக்கு மனு எழுதுவது நன்றிகெட்ட செயல் என்றும், நேர்ந்தது நஸீபு என்றும் உம்மாவும் வாப்பாவும் சொல்லுகையில் பையன் வாய் மூடிவிடுகிறான். முதலாளியின் தயாளத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஸதகாவாகக் கொடுப்பதற்குக் கணக்கும் இல்லை, தவணையும் இல்லை. வியாபாரம் நொடித்த மாதத்தில் அது நின்றுபோகும், பெருவிரல் இல்லாத கையோ நாற்பது வருஷம் இருக்கும். நட்டஈடு என்பது தொழிலாளியின் ஹக்கு, முதலாளியின் கடன். கடனை ஸதகாவின் கணக்கில் எழுதித் தீர்க்க மார்க்கமும் இடம் தராது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் முன்னிலையில் பேசித் தீர்ப்பதும் தவறல்ல. அதற்குச் சட்டத்தில் ஓர் எல்லையுண்டு என்பதை இரு தரப்பாரும் அறிதல் நன்று. இணக்க ஒப்பந்தத்தை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, நிர்ப்பந்தத்தால் பெறப்பட்டது என்றோ கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய கடதாசி செல்லாது. மரணம் நேர்ந்தவிடத்து நட்டஈட்டை ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும்; விதவையின் கையில் நேரே கொடுத்த பணம் நட்டஈடாகக் கருதப்படமாட்டாது. நல்ல மனத்தோடு கொடுத்த முதலாளி இரண்டாந்தடவையும் கொடுக்க நேர்வது இதனால்தான்.

விபத்துக்கு உள்ளானவர் முதலில் முதலாளிக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் “வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லிவிடும் வழக்கம் பிற்பாடு பெருந்தடையாகும். எந்த மெசினில், எத்தனை மணிக்கு என்பது வைத்தியப் பதிவிலேயே இருக்கட்டும். மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போன விபத்தைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டியவர் முதலாளி. நட்டஈட்டுக் கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையாளருக்கு அனுப்ப வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதலாம். வக்கீலுக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சிவில் நீதிமன்றத்தில் வழக்காடும் பாதையும் உண்டு. ஆயினும் ஒரே காயத்துக்கு இரு இடத்திலும் நட்டஈடு பெற இயலாது.

காப்புறுதியைப் பற்றிய என் வார்த்தை முதலாளிமாருக்கே உரியது. இலங்கையில் நட்டஈட்டுப் பொறுப்புக்குக் காப்புறுதி எடுப்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. எடுக்காதவர் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தாக வேண்டும். இரண்டு மெசின் வைத்து நடத்தும் கொட்டகைக்காரருக்கு இருபது இலட்சம் என்பது தொழிலே மூழ்கும் தொகை. பத்திரம் இருந்தாலோ காயம் பட்டவர் கோருவது கம்பெனியின் பணத்தை, மச்சானின் பணத்தை அல்ல. உறவும் கெடாது, உரிமையும் கெடாது. பத்திரம் எடுக்கையில் ஆட்தொகையையும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டிக் கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பெயர் கொடுக்காமல் விட்ட நாட்கூலிக்காரர்தான் பெரும்பாலும் கிரஷரின் வாயண்டை நிற்கிறார். பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பதையே 2021இன் சட்டம் தடுத்திருக்கிறது. பதினெட்டு ஆகாதவரை அபாயகரமான இயந்திரத்தின் முன்னே நிறுத்துவதும் குற்றம். அப்படி நிறுத்தப்பட்டவனுக்கு விபத்து நேர்ந்தால், எந்தக் காப்புறுதிப் பத்திரமும் முதலாளியை அந்தக் குற்றத்தினின்றும் விடுவிக்காது.