சாய்ந்தமருது: கடலுக்கும் வயலுக்கும் நடுவே

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் இருந்து பார்த்தால், கல்முனைக்குடி எங்கே முடிந்து சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே 25 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

இந்த நெருக்கத்துக்கு ஊர் வழக்கமும் ஒரு காரணம். கிழக்கு முஸ்லிம்களிடம் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் வாப்பாவுக்கு மூன்று வீட்டுக் கவலை. வளவு இரண்டாகும், நாலாகும். கடைசியில் உம்மாவும் வாப்பாவும் பின்பக்கத்து அறையில் ஒதுங்குவார்கள். இப்படிக் கொடுக்கும் சீதனத்தை எதிர்த்து மேடைகளில் எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனாலும், கணவன் விட்டுப் போனாலும் பெண்ணுக்குச் சொந்தக் கூரை மிஞ்சுவது இந்த வழக்கத்தால்தான். அதன் விலையை ஆயுள் முழுக்கக் கட்டுவது பெற்றவர்கள்.

நிலம் போதாமல் வீடுகள் கடலோரம் வரை நெருங்கின. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி முதலில் எடுத்தது அந்த வீடுகளைத்தான். இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது ஊர் இருக்கும் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கரையில் திரும்பக் கட்டத் தடை வந்தது. வீடிழந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்புகளில் ஒன்று பொலிவேரியன் கிராமம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, அங்கே வாடகைக்கு வந்திருந்த புதுமுகங்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் மக்களே. ஏப்ரல் 26 இரவு அவர்கள் இருந்த வீட்டைப் பாதுகாப்புப் படையினர் சுற்றிவளைத்தபோது 15 பேர் இறந்தார்கள். ஆறு பேர் பிள்ளைகள். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு சாய்ந்தமருது என்றால் அந்த இரவு மட்டுந்தான்.

ஊருக்குள் பேச்சு வேறு: தனி உள்ளூராட்சிச் சபை. 1987 வரை கரைவாகு தெற்குக் கிராமாட்சி மன்றம் என்று தனக்கென ஒன்று இருந்தது; பிறகு எல்லாம் கல்முனையோடு சேர்ந்தது. 1949இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரிகூட இந்த ஊரில் இருந்துகொண்டு கல்முனையின் பெயரைத்தான் சுமக்கிறது. 2018 தேர்தலில் பெரிய பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு, கட்சிகளை ஓரங்கட்டி ஊரின் ஆறு வட்டாரங்களையும் அள்ளியது. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கு வர்த்தமானியும் வந்தது. ஒரு வாரம் தாண்டுவதற்குள் இடைநிறுத்தப்பட்டது.

சாய்ந்தமருது பிரிந்தால் மிச்சமுள்ள சபையில் தமிழ், முஸ்லிம் பலம் மாறிவிடும் என்று கல்முனைக்குடி அஞ்சுகிறது. அந்த அச்சத்தை வீண் என்று தள்ள முடியாது. ஆனால் அதைக் காட்டியே ஓர் ஊரின் கோரிக்கையை முப்பது வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது நியாயமில்லை. 1987க்கு முன்னிருந்த நான்கு சபைகளின் எல்லையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருக்கலாம். 2025 மே மாதம் நாட்டின் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. வழக்கில் சிக்கிய கல்முனை மாநகர சபை அதில் இல்லை.