‘த ஸ்கார்லெட் லெட்டர்’: நாவலும் படமும்

பெயர்பெற்ற நாவலொன்று திரைக்கு வந்தால், “புத்தகத்தில் இருந்தது படத்தில் இல்லையே” என்று குறைப்படுவது நம் வழக்கம். பல வேளைகளில் அந்தக் குறை நியாயமற்றது. எழுத்து வேறு, திரை வேறு. ஆனால், 1995 இல் வெளியான ‘த ஸ்கார்லெட் லெட்டர்’ என்ற ஹொலிவூட் படத்தில், விடுபட்டவற்றை விடச் சேர்க்கப்பட்டவைதான் என்னை உறுத்தின.

மூலநூல் அமெரிக்க எழுத்தாளர் நதானியல் ஹோதோர்ண் 1850 இல் வெளியிட்டது. களம், 17 ஆம் நூற்றாண்டின் பொஸ்டன். பியூரிட்டன் மதக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். கணவன் அருகில் இல்லாத ஹெஸ்டர் பிரின் ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகிறாள். விபசாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான ‘ஏ’யைச் சிவப்புத் துணியில் மார்பில் அணிய வேண்டும் என்பது அவளுக்குத் தண்டனை. அந்தச் சொல்லை ஹோதோர்ண் நாவலில் ஓரிடத்திலேனும் எழுதவில்லை!

கதை சிறைவாசலில் தொடங்குகிறது. மூன்று மாதக் குழந்தையை ஏந்தியபடி வெளியே வரும் ஹெஸ்டர் தண்டனை மேடையில் நிறுத்தப்படுகிறாள். தகப்பன் யாரென்று சொல்லும்படி இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல் எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். கேட்டவரேதான் அந்தத் தகப்பன். வாசகருக்கு அப்போது அது தெரியாது. மெல்ல மெல்லத்தான் உறைக்கும். ஆண்டுகள் கழிந்தபின், ஒரு நள்ளிரவில், ஆளில்லாத அதே மேடையில் போதகர் ஏறி நிற்கிறார். இறுதியில், ஊர் திரண்டிருக்கும் பட்டப்பகலில், அங்கேயே உண்மையை வெளிப்படுத்தி உயிர்விடுகிறார். ஒரே மேடை, மூன்று காட்சிகள். சினிமாவுக்கென்றே எழுதியது போல இல்லையா?

நெறியாளர் ரோலண்ட் ஜொஃபே சாதாரணமானவர் அல்லர். ‘த கில்லிங் ஃபீல்ட்ஸ்’ (1984), ‘த மிஷன்’ (1986) ஆகியவை அவருடைய படங்கள். டெமி மூர், கரி ஓல்ட்மன், ரொபேர்ட் டுவல் என்று நடிகர்களுக்கும் குறைவில்லை. இருந்தும், ஹெஸ்டர் ஊருக்கு வந்துசேர்வதில் தொடங்கும் படம், வழிகாட்டும் செந்நிறப் பறவை, காட்டில் சந்திப்பு, குளியல், தானியக் களஞ்சியத்தில் கூடல் என்று நெடுநேரம் நகர்கிறது. அவள் சிறைக்குப் போகுமுன்னரே நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

கணவன் சிலிங்வேர்த் நாவலில் மருத்துவனாகப் போதகரோடு ஒரே வீட்டில் குடியிருந்து, சிகிச்சை என்ற பெயரில் அவருடைய மனச்சாட்சியைக் கிளறிக்கொண்டே இருப்பவன். படத்திலோ, ஆள்மாறி ஒருவனைக் கொன்று, பழி பூர்வீகக் குடிகள் மீது விழும்படி தலைத்தோலை உரிக்கிறான். முடிவில் தூக்குமேடை, தாக்குதல், சண்டை. போதகர் பிழைத்துக்கொள்கிறார், தாய், தகப்பன், பிள்ளை மூவரும் வண்டியேறி ஊரைவிட்டுப் போகின்றனர்.

‘சுதந்திரமாகத் தழுவியது’ என்று படத்திலேயே அறிவித்துவிட்டார்கள். அந்தச் சுதந்திரத்தில் குற்றமில்லை. 1926 இல் விக்டர் சியோஸ்ட்ரொம் லிலியன் கிஷ்ஷை ஹெஸ்டராக்கி எடுத்த ஊமைப்படமும் காதலை முன்கூட்டியே காட்டியதுதான். அதில் சிரிப்புக் காட்சிகள்கூட உண்டு. ஆனால் போதகர் மேடையில் உண்மையைச் சொல்லி இறப்பதை அது கைவிடவில்லை. அகவுணர்வைத் திரை தாங்காது என்பவர்கள், பேச்சே இல்லாத அந்தப் படத்தில் கிஷ்ஷின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மகிழ்ச்சியான முடிவுக்காகப் படம் பலிகொடுத்தது ஹெஸ்டரைத்தான். நாவலில் அவள் தையலால் பிழைக்கிறாள், நோயாளரைப் பராமரிக்கிறாள். ‘ஆற்றலுள்ளவள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ‘ஏ’யில்தான் தொடங்குகிறது, ஊரார் பலர் அவ்வெழுத்தை அப்படி வாசிக்கத் தலைப்படுகின்றனர். போதகரின் மறைவுக்குப்பின் மகளுடன் கடல்கடந்து போனவள், பல ஆண்டுகள் சென்று தனியே திரும்பிவந்து, எவரும் வற்புறுத்தாமலே அந்த எழுத்தை மீண்டும் அணிகிறாள். மனம் நொந்த பெண்கள் அவளுடைய குடிசைக்கு ஆலோசனை கேட்டு வருகின்றனர். பெண் விடுதலை பேசுவதாக நினைத்துக்கொண்ட படம், அவளை ஓர் ஆணுடன் வண்டியேற்றி அனுப்பிவிட்டது.

நாவலைப் படிக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நூலின் தொடக்கத்தில், ஹோதோர்ண் சேலம் நகரின் சுங்க அலுவலகத்தில் வேலைபார்த்த நாட்களைப் பற்றிய நீண்ட முகவுரை இருக்கிறது. அதில் அலுப்புத்தட்டினால், சிறைவாசலிலிருந்தே தொடங்குங்கள். முகவுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.